தலைவருக்குக் காய்ச்சல் விட்ட நாள்

ஹைஃபு வட்டத்தில் யார் செத்தாலும், பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அழுது முடித்துவிடுகிறவர் ஹோங் சிங்ஷுய். பந்தலுக்குத் தகரம் வந்து இறங்கும்போதே அவரும் வந்து இறங்கிவிடுவார். செத்தவர் பெயர் தெரியாவிட்டால் வாசலில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லியே மாரில் அடித்துக்கொள்வார். வட்டத் தலைவர் பதவிக்கு அவர் வந்து சேர்ந்த வழி இதுதான். வேறு தகுதி என்ன என்று கேட்டால், காவ்ஷியுங் துறைமுகத்துக் கப்பல் சங்கோடு போட்டி போடும் தொண்டை ஒன்று உண்டு. அந்தத் தொண்டைக்கும் மூளைக்கும் நடுவே பாதையே கிடையாது என்பது அவர் மனைவி சைஃபெங்கின் தீர்மானம்.

இளவயதில் தலைவர் கப்பல் உடைக்கும் துறையில் இருந்தார். "இந்தக் கையால எவ்வளவு பெரிய கப்பலையெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கேன் தெரியுமா?" என்று கையை விரித்துக் காட்டுவார். சைஃபெங்கின் அண்ணனும் அதே துறையில் நெருப்புப் பொறியில் வெந்து உழைத்தவர். அவர் தங்கையிடம் சொன்னது வேறு. "உன் வீட்டுக்காரன் அங்க உடைச்சதெல்லாம் வேர்க்கடலை. கேன்டீன் வாசல விட்டு நகர்ந்து நான் பாத்ததில்ல."

சைஃபெங் நடத்திய காலைக் கடையில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. கல்லில் முட்டை ரொட்டி போட்டு, பெரிய பாத்திரத்தில் சோயாப் பால் காய்ச்சி, விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வெயில் வரைக்கும் அவள் நின்றாள். தலைவர் வாசல் மேசையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை அசைத்தார். அதற்குப் பெயர் மக்கள் பணி.

அந்த வருஷம் கோடை முடிகிற நேரத்தில் டெங்கு வந்தது. வராத வருஷம் ஏது? ஆனால் அந்த வருஷம் வந்தது ஆத்திரத்தோடு வந்தது. தெருவுக்குத் தெரு புகை அடிக்கும் வண்டி ஓடியது. தேர்தலும் அதே வருஷக் கடைசியில் என்பதால் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். யார் வாசலில் பூந்தொட்டிக்குக் கீழே தட்டு இருந்தாலும் எட்டி உதைத்தார். "நீங்க வளக்குறது செடி இல்ல, கொசு! வெக்கமா இல்ல?" என்று தெருவே கேட்கக் கத்தினார். முடிதிருத்தும் கடை வைத்திருந்த க்வோ யூலான் என்ற பெண்மணியின் வாளியை நடுரோட்டில் கவிழ்த்துவிட்டு, அவளிடம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் முன்னால் சுகாதார உரை நிகழ்த்தினார். யூலான் அன்றைக்கே அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்க முடிவு செய்தாள்.

தலைவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கல்தொட்டி. ஏதோ விழாவில் கவுன்சிலர் ஒருவர் பரிசாகக் கொடுத்தது. அதில் தலைவர் தாமரை விட்டிருந்தார். தாமரை செத்து எவ்வளவோ நாளாயிற்று. கவுன்சிலர் கொடுத்த தண்ணீர் போலத் தண்ணீரை மட்டும் காப்பாற்றி வந்தார். சிங்ஷுய் என்றால் தெளிந்த நீர் என்று பொருள். பெயருக்கு ஏற்ற தொட்டி என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

துணி காயப்போடப் போன சைஃபெங் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "மேல உன் தொட்டியில புழு நெளியுது."

"அது மீன்குஞ்சுடி."

"நீ எப்பய்யா மீன் விட்ட?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "மழையில வந்திருக்கும்."

"வானத்துலேர்ந்து மீன் விழுற அளவுக்கு நீ புண்ணியம் பண்ணியிருக்கியா, கிழட்டுக் குரங்கே!"

தொட்டியைக் கவிழ்க்க அவள் ஒருத்தியால் முடியவில்லை. சுகாதார ஆய்வாளர்களோ எல்லா மாடியும் ஏறி, தலைவர் மாடிக்கு மட்டும் ஏறவில்லை. தலைவர் அவர்களைக் கீழேயே நிறுத்தி, குளிர்ந்த தேநீர் கொடுத்து, "நம்ம வீட்டப் போய் பாக்கணுமா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

முதலில் படுத்தது பக்கத்து வீட்டு யென் ஜின்பாவ். ஸ்கூட்டர் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் ஸ்கூட்டரோடுதான் பேசுவார். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறித்துப்போட்ட மாதிரி உளைச்சல் என்றதும் கடைக் கதவை இறக்கிவிட்டு அவரே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டார். அதற்கு மறுநாள் தலைவருக்கும் உடம்பு கொதித்தது. அவர் அதை டெங்கு என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குக் கொசுப் பாடம் நடத்தும் தலைவருக்கே டெங்கு என்றால் யூலான் அதைப் பதாகையில் எழுதிவிடமாட்டாளா? "உழைப்புச் சூடு" என்றார். உழைப்புச் சூட்டோடு கழிவறைக்குப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, சைஃபெங் டாக்ஸியைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான். யென்னுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே இவருக்கும் இடம் போட்டு, சுற்றிலும் கொசுவலை இறக்கிவிட்டார்கள். காய்ச்சல்காரனைக் கடித்த கொசு அடுத்தவனைக் கடிக்கக் கூடாது என்று அங்கே எல்லாக் கட்டிலுக்கும் வலை உண்டு. தலைவருக்கு அது அவமானமாக இருந்தது.

"ஆள வச்சு வலை போட்டுப் பிடிக்கிறதுக்கு நான் என்ன பால்மீனா?"

"பால்மீன்னாக் கஞ்சியாவது வைக்கலாம். பேசாமப் படு" என்றாள் சைஃபெங்.

அந்த வார்டில் காலையும் மாலையும் ஒரே பேச்சு, பிளேட்லெட் எவ்வளவு என்பதுதான். பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி வலைக்கு வலை கேட்டுக்கொள்வார்கள். குறைந்தவன் முகம் தொங்கும். அவன் மனைவி பப்பாளி இலைச் சாற்றோடு ஓடி வருவாள். தலைவருக்கு எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. வலைக்குள் உட்கார்ந்தபடியே அந்த வார்டுக்கும் தலைவராகிவிட்டார். "எனக்குப் பாரு, எவ்வளவு நிக்குது! சின்ன வயசுல ஒரு தடவ டெங்கு வந்து என்னத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சு. ரெண்டு நாள்ல எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன். உடம்புன்னா அதுக்கு ஒரு அடித்தளம் வேணும்யா."

டாக்டர் தூ என்ற பெண் வந்தாள். தூக்கமில்லாத கண், கசங்கிய வெள்ளைக் கோட்டு. வந்த அன்று எடுத்த ரத்தத்தில் வழக்கமான சோதனைகளோடு இன்னும் சிலவும் சேர்த்துப் பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

"ஃபெரிட்டின்னு ஒண்ணு இருக்கு ஐயா. உங்களுக்கு அது ரொம்ப அதிகமா இருக்கு. கூடப் பாத்த மத்த குறியீடுகளும் அப்படித்தான்."

"அதிகமா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த வார்டுல எல்லாரையும் விடவா?"

"உங்களுக்கும் பக்கத்துல யென் ஐயாவுக்கும்தான் ரொம்ப அதிகம்."

"யென்ன விட எனக்கு அதிகமா?"

"ஆமா, கொஞ்சம் அதிகம்."

தலைவர் வலைக்குள்ளிருந்து யென்னின் வலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தேர்தல் முடிவு கேட்டவர் மாதிரி முகம் மலர்ந்தது. சைஃபெங் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யோவ், அது நல்லதா கெட்டதான்னு முதல்ல கேளு."

"கெட்டது" என்றாள் டாக்டர். சுற்றி வளைக்கவில்லை. "பிளேட்லெட்ட வச்சு எல்லாரும் நிம்மதியா இருக்கீங்க. அது விழும்போது பாதி ஆபத்து வந்தாச்சுன்னு அர்த்தம். இந்தக் குறியீடுங்க அதுக்கு முன்னாடியே ஏறும். உள்ள கொதிப்பு எவ்வளவுன்னு இப்பவே காட்டிக்குடுக்கும். இவ்வளவு ஏறியிருந்தா, காய்ச்சல் விடுற நேரத்துல ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கலாம். ரத்தத்துல இருக்குற தண்ணி வெளிய இறங்கி, பிரஷர் விழுந்துடும். உங்களுக்குச் சக்கரை வேற இருக்கு. முன்னாடி ஒரு தடவ டெங்கு வந்திருக்குன்னு சொல்றீங்க, அதுவும் நல்லதில்ல. ரெண்டாவது தடவ வந்தாத்தான் அது மூர்க்கமா வரும்."

"காய்ச்சல் விட்டா நல்லாயிடுச்சுன்னுதானம்மா அர்த்தம்?"

"இதுல அப்படி இல்ல ஐயா. காய்ச்சல் விடுற அன்னிக்குத்தான் நாங்க கண்ண மூடாமப் பாக்கணும்."

"அப்ப எனக்கு நிச்சயம் அப்படி ஆகும்ங்கிறியா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். மத்தவங்கள விட உங்களுக்கு ஆக வாய்ப்பு அதிகம்."

தலைவர் சிரித்தார். வார்டு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "வாய்ப்பு! கோயில்ல குச்சி குலுக்கிப் போட்டா சாமியும் இதத்தான் சொல்லுது. அங்க ஊசி குத்துறதில்ல."

பக்கத்து வலையிலிருந்து யென்னின் குரல் வந்தது. அவர் அந்த வார்டுக்கு வந்ததிலிருந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நான் என்ன பண்ணணும் டாக்டர்?"

"காய்ச்சல் விட்டாலும் வீட்டுக்குப் போகக் கூடாது. வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுறது, எது வந்தாலும் உடனே கூப்பிடணும். அடிக்கடி ரத்தம் எடுப்போம், திட்டக் கூடாது."

"சரி" என்றார் யென். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

தலைவருக்குக் காய்ச்சல் விட்டது ஒரு காலை வேளையில். வேர்த்து, உடம்பு லேசாகி, பசி வந்தது. அதே நாள் மாலை மாட்ஸு அம்மன் கோயில் முற்றத்தில் கொசு ஒழிப்புப் பொதுக்கூட்டம். கல்தொட்டி கொடுத்த அதே கவுன்சிலர் வருகிறார். யூலானும் பேசப்போகிறாள். இதற்கு மேல் தலைவரைக் கட்டிலில் கட்டிப்போட வலை போதுமா? சட்டை கேட்டார்.

டாக்டர் தூ ஓடி வந்தாள். காலையில் எடுத்த ரத்தம் நீர் குறைந்து கெட்டிப்பட ஆரம்பித்திருப்பதைச் சொன்னாள். பிளேட்லெட்டும் இறங்கத் தொடங்கிவிட்டது என்றாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினாள்.

"பாருங்கம்மா" என்றார் தலைவர், பொத்தானைப் போட்டுக்கொண்டே. "நீங்க படிச்சவங்க, காகிதத்தப் பாக்குறீங்க. நான் ஜனங்களப் பாக்குறேன். இப்ப என்னப் பாருங்க. நோயாளி மாதிரியா இருக்கேன்?"

"இல்ல ஐயா. அதுதான் பிரச்சினையே."

"கேட்டியா, அவங்களே இல்லங்கிறாங்க" என்று மனைவியிடம் திரும்பினார்.

சைஃபெங் வாசலை மறித்து நின்றாள். "இந்தா பாரு. வாழ்க்கை பூரா அடுத்தவன் சாவுல போய் அழுதுட்டு வந்த. உன் சாவுல அழ ஆள் வேணும்னா ஒழுங்காப் படு. நான் அழ மாட்டேன். எனக்குக் கடையில வேல இருக்கு."

"அபசகுனம் பிடிச்சவளே, தேர்தல் நேரத்துல சாவப் பத்திப் பேசுற!"

பக்கத்து வலைக்குள் யென் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டிருந்தது. "தலைவரே, படுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

"பயந்தவனுக்குக் கட்டிலு, தலைவனுக்கு மேடை" என்று தலைவர் ஒரு வசனம் விட்டார். முன்பே யோசித்து வைத்திருந்த வசனம் போல. எல்லாப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்திருந்ததைச் சைஃபெங் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பன்றிக்கால் சேமியா வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி வாசல் மிதித்துவிட்டு வந்தால் பீடை கழிய அதைச் சாப்பிட வேண்டும். அந்தச் சாஸ்திரமெல்லாம் அவருக்குத் தப்பாது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார். வயிற்றைத் தேய்த்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"உன் சமையலு."

கோயில் முற்றத்தில் தகரப் பந்தல், சிவப்பு மேசைகள், மேடைக்குப் பின்னால் தலைவரின் முகம் அச்சடித்த பெரிய பதாகை. கவுன்சிலர் வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூலான் தன் பிரசார வண்டியை முற்றத்து வாசலிலேயே நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று சொன்னாள்: "ஊருக்கெல்லாம் வாளியக் கவுத்தவரு, தன் வீட்டு மாடியக் காட்டச் சொல்லுங்க பாப்போம்!" கூட்டம் சிரித்தது. சைஃபெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் மேடையேறினார். முகம் வேர்த்து மின்னியது. ஒலிபெருக்கியை வாங்கினார்.

"என் வட்டத்து மக்களே! டெங்கு என்னை வந்து பார்த்தது. என்னோடு மோதிப் பார்த்தது. இப்போது எங்கே அந்தக் காய்ச்சல்? பயந்து ஓடிவிட்டது! டாக்டர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ரத்தத்தில் ஏதோ குறி இருக்கிறதாம், நான் விழுந்துவிடுவேனாம். விழுந்தேனா? சொல்லுங்கள், விழுந்தேனா?"

"இல்ல!" என்று முன்வரிசை கத்தியது.

அவர் கவுன்சிலரின் கையைப் பிடித்து உயர்த்தினார். கவுன்சிலர் முகம் சுளித்து, "என்னய்யா, உங்க கை மீன்கடை ஐஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டது ஒலிபெருக்கியிலேயே விழுந்தது. தலைவர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. பதாகையைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த தன் முகத்தின் மேலேயே வாந்தி எடுத்தார். பிறகு மண்டியிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

கூட்டம் கை தட்டியது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். சாவு வீட்டில் பார்த்துப் பழகிய அழுகைதானே. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்றே தட்டினார்.

சைஃபெங் மேடைமேல் பாய்ந்தாள். அவர் கன்னத்தைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவு சில்லென்று இருந்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"கை தட்டாதீங்கடா, முட்டாளுங்களா! ஆளு போயிட்டிருக்கு! வண்டி கொண்டாங்க!"

ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. வாசலை அடைத்து நின்ற ஒரே வண்டி யூலானுடையது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து, துண்டுப் பிரசுரக் கட்டுகளை முற்றத்தில் உதறி எறிந்துவிட்டு, "ஏத்துங்க அக்கா!" என்றாள். நாலு பேர் சேர்ந்து தலைவரைத் தூக்கிப் போட்டார்கள். ஒலிபெருக்கியை அணைக்க டிரைவருக்குத் தோன்றவில்லை. சாலை நெடுக வண்டி கத்திக்கொண்டே போனது: "மாற்றம் வேண்டுமா? க்வோ யூலானுக்கே உங்கள் வாக்கு!" தலைவர் சைஃபெங் மடியில் தலை வைத்து, கண் பாதி சொருகிய நிலையில், உதட்டை அசைத்தார். கடைசி வார்த்தையோ என்று அவள் குனிந்து காதை வைத்தாள்.

"அத… நிறுத்தச் சொல்லு" என்றார் தலைவர்.

பிரஷர் கிட்டத்தட்ட இல்லை. டாக்டர் தூ ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய், இரண்டு கையிலும் குழாய் போட்டு நீர் ஏற்றினார்கள். சும்மா ஏற்றிவிடவும் முடியாதாம். குறைந்தால் பிரஷர் விழும், கூடினால் நுரையீரலில் போய் நிற்கும். கண்ணாடிக்கு வெளியே நின்ற சைஃபெங் அவர் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். தான் எண்ணுவதைப் பார்த்து அவளுக்கே ஆத்திரம் வந்தது. "இதுக்கா? இந்த வாய்ச்சொல் வீரனுக்கா?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே மாட்ஸு அம்மனுக்கு ஒரு முழுக் கோழி நேர்ந்துகொண்டாள். கோழியை நேர்ந்ததும் அதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

தலைவர் பிழைத்துவிட்டார்.

யென்னுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் அதே நாள் ரத்தம் கெட்டிப்பட்டது; அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே கண்டுபிடித்து, அளவாக நீர் ஏற்றி, அளவாக நிறுத்தினார்கள். கொஞ்சம் வயிறு வலித்தது, மணி அடித்தார், வந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். சில நாள் கழித்து ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார், கடைக் கதவைத் தூக்கினார், பிரேக் கம்பி மாற்ற உட்கார்ந்தார். தெருவில் ஒரு நாய் கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் வந்த நாளன்று பட்டாசு வெடித்தார்கள். சிங்க ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். "வட்டத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்" என்று புதிய பதாகை கட்டியிருந்தது. அவர் சக்கர நாற்காலியிலிருந்து கை அசைத்தார். சக்கர நாற்காலி தேவையே இல்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் மாடிக்குப் போனார். அடுத்த நிமிஷம் மேலிருந்து ஓலம். "என் தொட்டி எங்கடி? கவுன்சிலர் குடுத்த தொட்டி!"

"உடைச்சேன்" என்றாள் சைஃபெங், ரொட்டிக்கல்லைத் துடைத்துக்கொண்டே. "எங்க அண்ணன் வந்து சம்மட்டியால உடைச்சாரு. கப்பல் உடைச்ச கை. ரெண்டே அடி."

காலைக் கடையில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. சோயாப் பால் உறிஞ்சிக்கொண்டே ஆளுக்கு ஆள் மருத்துவம் பேசினார்கள்.

"யென்னுக்கும் அதே குறி இருக்குன்னுதானே சொன்னாங்க? பெருசா ஆபத்து வரும்னாங்க. ஒண்ணும் வரலையே. அப்ப அந்த ரத்தச் சோதனை பொய்யிதானே?"

"சும்மா பயந்து படுத்துக் கெடந்தான் அவன். தலைவரு பாரு, எமன் கழுத்தப் பிடிச்சுத் திருப்பிட்டு வந்தாரு."

சைஃபெங் ரொட்டித் திருப்பியைக் கல்லில் டங்கென்று போட்டாள். "ரோட்டுல பள்ளம் இருக்குன்னு பலகை வச்சிருக்கான். ஒருத்தன் பாத்து விலகிப் போறான். ஒருத்தன் உள்ள விழுந்து கால ஒடிச்சிக்கிறான். விலகிப் போனவனப் பாத்து 'பள்ளமே இல்ல'ங்கிறீங்க. விழுந்தவனுக்கு மால போடுறீங்க. உங்களுக்கெல்லாம் முட்டை ஒடச்சு ஊத்துறேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"தலைவரம்மாவுக்குக் கோவம்" என்று சிரித்துவிட்டு, அவர்கள் இன்னொரு கிளாஸ் சோயாப் பால் கேட்டார்கள்.

தேர்தலில் ஹோங் சிங்ஷுய் ஜெயித்தார், முன்னெப்போதையும் விட அதிக வித்தியாசத்தில். யூலான் வண்டியில் தலைவரை ஏற்றிப் போனதைக் கூட, செத்துக்கொண்டிருந்த மனுஷன் காதில் பிரசாரம் செய்தாள் என்று திரித்துவிட்டார்கள். வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் யூலான் கடைக்கு வந்து, ரொட்டி வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு ஏத்தியிருக்கவே கூடாது அக்கா" என்றாள்.

"எனக்கும் பாதி வழியில அப்படித்தான் தோணுச்சு" என்றாள் சைஃபெங். "நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அந்த ஆள்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஐயோ! என்ன சொன்னாரு?"

"நான் மருந்தோட வேகத்துல உளர்றேன்னு சொன்னாரு. மருந்து சாப்பிடுறவன் அவன்."

அடுத்த கோடையில் மறுபடியும் டெங்கு தலைகாட்டியது. ஆஸ்பத்திரியில் பொதுமக்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்து, தலைவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் தூவின் யோசனை அது. சொல்பேச்சுக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி யார்? சைஃபெங்கும் போனாள். கடைசி வரிசையில் யென் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"மக்களே! அன்றைக்கு டாக்டரிடம் நான் என்ன சொன்னேன்? 'அம்மா, பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதாது, ரத்தத்தில் வேறு குறி இருக்கும், அதைப் பாருங்கள்' என்று சொன்னேன்! அந்த வார்டிலேயே என்னுடைய ஃபெரிட்டின்தான் அதிகம். யாராலும் எட்ட முடியவில்லை. ஆகவே, அந்தக் குறி ஏறியிருந்தால், காய்ச்சல் விட்டாலும் கட்டிலை விட்டு நகராதீர்கள்! ஹோங் சிங்ஷுய் சொன்னான் என்று சொல்லுங்கள்!"

டாக்டர் தூ நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் தட்டியது. பக்கத்து நாற்காலிக்காரி தன் மருமகளிடம், "கேட்டுக்க, காய்ச்சல் விட்டாலும் கூட்டிட்டு வந்துடக் கூடாதாம், தலைவரே சொல்றாரு" என்று சொல்வது சைஃபெங் காதில் விழுந்தது. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். யென் வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா அந்தப் பேச்ச?" என்றாள்.

"கேட்டேன் அண்ணி."

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

யென் கொஞ்சம் யோசித்தார். "அவரு சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்க. நான் சொன்னா யாரு கேக்கப் போறா? அதக் கேட்டு நாலு பேர் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தா நல்லதுதானே."

"நல்லதுதான்" என்றாள் சைஃபெங், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுதான் எனக்கு வயித்தெரிச்சலே."

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழுந்தது. அவள் யென்னின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கடை வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாள்.